எகிப்து ஓட்டுச் சில்லில் கிரேக்கம் படிக்க: நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்

சின்ன வயதில் பாண்டி விளையாட எடுப்போமே உடைந்த பானைச் சில்லு, கிட்டத்தட்ட அதேதான். எகிப்தில் சுமார் இரண்டாயிரம் வருடம் முன்பு அதன் மேல் மையால் வரி ரசீது எழுதி, கட்டியவர் கையில் கொடுத்தார்கள். பாப்பிரஸ் என்ற நாணல் தாளுக்குக் காசு வேண்டும், உடைந்த பானைக்கு வேண்டாம். எழுதிய மொழி பெரும்பாலும் கிரேக்கம். இப்படி எழுதிய ஓட்டுக்கு ஆஸ்ட்ரகான் என்று பெயர், பன்மையில் ஆஸ்ட்ரகா. வரலாறு இதோடு போதும்.

எனக்குக் கிரேக்கம் தெரியாது, தொல்லியல் பட்டமும் கிடையாது, கோயம்புத்தூரில் கணக்குப் பார்க்கிற வேலை. அப்படியும் போன வருடம் ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பில் உட்கார்ந்து நான்கு ஓடுகளை நேரில் படித்தேன். அதற்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஒழுங்காகப் போயிருந்தால் ஏழெட்டு மாதத்தில் முடிந்திருக்கும், மிச்சமெல்லாம் தப்பான இடத்தில் தொடங்கியதாலும், தப்பான எண்ணைக் கொடுத்ததாலும், விசாவைத் தாமதமாக நினைத்ததாலும் போனது.

1. வரி ரசீதிலிருந்து தொடங்குங்கள், வேறு எதிலிருந்தும் வேண்டாம்

நான் பெரெனிகேயிலிருந்து தொடங்கினேன். காரணம் உங்களுக்கே புரியும். செங்கடல் கரையில் இருந்த அந்தத் துறைமுகத்தில் 1995இல் தமிழி எழுத்தில் 'கொறபூமான்' என்று கீறிய பானை ஓடு கிடைத்தது, அதே கரையில் வடக்கே குசெய்ர் அல் காதிமில் 'கணன்', 'சாதன்' என்ற பெயர்களும் 'பானை ஒறி' (பானை வைக்கும் உறி) என்ற சொல்லும் ஓடுகளில் கிடைத்தன. அதே பெரெனிகேயின் குப்பை மேட்டிலிருந்து வந்த கிரேக்க ஓடுகளில் சுங்க வாயிலில் இருப்பவருக்கு எழுதிய சீட்டுகள் இருக்கின்றன. 'இன்னாருக்கு இத்தனை இத்தாலிக்கா விடு' என்று வரும். இத்தாலிக்கா என்றால் இத்தாலி ஒயின் ஜாடி. ஆண்டூரோஸ் என்ற ஒருவருக்கே இப்படிச் சீட்டு சீட்டாக எழுதியிருக்கிறார்கள். நம் ஊர்ச் சங்கதியோடு ஒட்டி வருகிறதே என்று ஆசையில் இறங்கினேன்.

இறங்கியது தப்பு. அந்த ஓடுகள் எகிப்திலேயே கிடங்கில் இருக்கின்றன. அவற்றைப் பார்க்க அகழாய்வுக் குழு மூலமாக, அந்நாட்டுத் தொல்பொருள் உயர் கவுன்சிலின் நிரந்தரக் குழு வரை அனுமதி போகவேண்டும். நம்மைப் போன்ற ஆர்வலருக்கு அது நடக்கிற காரியமே இல்லை. கடிதங்களும் தொடக்கத்தில் வேண்டாம், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள், எழுத்துப்பிழை வேறு இருக்கும்.

அஸ்வான் பக்கம் எலிஃபண்டைன் தீவின் தலைவரி ரசீதுகள், லக்சர் இருக்கும் இடத்தில் இருந்த தீப்ஸின் ரசீதுகள், இவை இரண்டில் ஒன்றை எடுங்கள். கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டு போதும். திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும்: இன்னார் 'தியேக்ராப்சென்' (செலுத்தினார்), 'ஹ்யூபெர்' (இதற்காக), வரியின் பெயர், எந்த வருடத்து வரி, எத்தனை திராக்மா (அந்தக் கால நாணயம்), கடைசியில் அரசரின் ஆட்சியாண்டும் மாதமும் தேதியும். நம் ஊர்ப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வீட்டு வரி ரசீது வாங்கியிருப்பீர்கள், அதே வரிசைதான். இந்த வரிசை மனதில் ஏறிவிட்டால் பாதி எழுத்து அழிந்திருந்தாலும் அங்கே என்ன வரவேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதலில் மூன்று வரிப் பெயர்கள் போதும். 'லாவோகிராஃபியா' தலைவரி, வயதுவந்த ஆண்களுக்கு. 'கோமாட்டிகான்' கால்வாய்க் கரை கட்டும் வரி. 'பலனெயுட்டிகான்' குளியலறை வரி. கோமாட்டிகான் தொகை பெரும்பாலும் 6 திராக்மா 4 ஓபோல் (திராக்மாவுக்குச் சில்லறை) என்று வருவதால் அதை வைத்தே ஓட்டை அடையாளம் காணலாம். எலிஃபண்டைனில் தலைவரி 16 திராக்மா, எகிப்தை அப்போது ஆண்ட ரோமப் பேரரசர் ட்ராஜன் காலத்தில் 17 திராக்மா 1 ஓபோல் ஆனது. அதாவது தொகையே உங்களுக்குக் காலம் சொல்லும். ஆனால் ஜாக்கிரதை, தவணையாகவும் கட்டியிருக்கிறார்கள். 4, 8 என்று பார்த்தால் வேறு வரி என்று முடிவு கட்டாதீர்கள், நான் அப்படி ஒரு ஓட்டை இரண்டு வாரம் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன்.

2. எழுத்து: மூன்று வாரம், தினம் அரை மணி

அச்சுக் கிரேக்க எழுத்து 24ஐயும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம். அதோடு ஓட்டைப் பார்த்தால் ஒன்றுமே புரியாது, மனம் உடைந்துவிடாதீர்கள். ரசீது எழுதியவர் வேகமாக, எழுத்தோடு எழுத்து ஒட்டி எழுதினார். நம் ரேஷன் கடைக்காரர் கார்டில் கிறுக்குவதைப் பிள்ளைகள் பாடப்புத்தகத்து எழுத்தோடு ஒப்பிட முடியுமா?

சில எழுத்துகள் உருவமே மாறியிருக்கும். சிக்மா ஆங்கில சி மாதிரி, ஒமேகா ஆங்கில டபிள்யூ மாதிரி, ஈட்டா சிறிய எச் மாதிரி. பீட்டா பல நேரம் சிறிய யு மாதிரி வந்து காப்பாவோடு குழப்பும். ஆல்ஃபாவும் லாம்டாவும் டெல்டாவும் அண்ணன் தம்பிகள், தனியாகப் பார்த்தால் பிரிக்கவே முடியாது. சொல்லைப் பிடித்துத்தான் எழுத்தைப் பிடிக்கவேண்டும், தலைகீழாக இல்லை.

பழக ஒரு நல்ல இடம் பாப்பால் என்ற தளம். தேதி உறுதியான பாப்பிரஸ், ஓட்டுப் படங்களைக் கால வரிசையில் வைத்திருக்கிறார்கள், இலவசம். நீங்கள் எடுத்த நூற்றாண்டின் படங்களை மட்டும் பாருங்கள். எதிரில் ஒரு நோட்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பார்க்கிற வடிவத்தையெல்லாம் கையால் வரையுங்கள். கணினியில் வெட்டி ஒட்டியும் பார்த்தேன், மனதில் நிற்கவில்லை. கையால் வரைந்தபோதுதான் பேனா எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று விரலுக்குத் தெரிந்தது.

எண்களை விட்டுவிடாதீர்கள், ரசீதில் பாதி எண்தான். எழுத்தே எண்: ஆல்ஃபா 1, பீட்டா 2, அயோட்டா 10, ரோ 100. வழக்கத்தில் இல்லாத மூன்று பழைய எழுத்துகள் சேர்ந்து 27: ஸ்டிக்மா 6, கோப்பா 90, சாம்பி 900. க என்றால் 1, உ என்றால் 2 என்று பத்திரிகையில் தமிழ் எண் போட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. வருடத்துக்கு ஒரு குறி, ஆங்கில எல் மாதிரி. திராக்மாவுக்கு ஒரு குறி, நெளிந்த எஸ் மாதிரி. இந்த இரண்டையும் கண்டுபிடித்து நடுவில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டால் ரசீதின் எலும்புக்கூடு கையில் வந்துவிடும்.

செலவு: நோட்டு, பென்சில், ஒரு உருப்பெருக்கி. எனக்கு மொத்தம் 700 ரூபாய்க்குள். அகராதிக்கு லோகெயன் இருக்கிறது, சிகாகோ பல்கலைக்கழகத்தார் நடத்துவது, இலவசம். அச்சுப் பதிப்புகளைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், ஒவ்வொன்றும் நம் ஒரு மாத வாடகை விலை.

3. எண்: இங்கேதான் எனக்கு நான்கு மாதம் போனது

தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஒரு ஓட்டுக்குக் குறைந்தது மூன்று எண் இருக்கும். ஒன்று பதிப்பு எண்: எந்தப் புத்தகத்தில் எத்தனையாவதாக அச்சானது என்பது. 'ஓ. வில்க். 100' என்றால் ஜெர்மன் ஆய்வாளர் உல்ரிக் வில்கன் 1899இல் வெளியிட்ட தொகுப்பில் நூறாவது. முன்னால் வரும் ஓ, ஆஸ்ட்ரகாவுக்கு. 'ஓ. கிளாட்.' என்றால் மோன்ஸ் கிளாடியானஸ் கல்குவாரியில் கிடைத்தவை, 'ஓ. பெரெனிகே' சொல்லவே வேண்டாம். இரண்டாவது இருப்பு எண், அருங்காட்சியகம் தன் அலமாரிக்காகப் போட்டது. மூன்றாவது ட்ரிஸ்மெகிஸ்டோஸ் என்ற இணையத் தளத்தின் எண், எல்லா நாட்டுச் சேகரிப்புக்கும் பொதுவாகக் கொடுத்த ஒரே எண்.

சேகரிப்புக்கு எழுதும்போது அவர்களுக்கு வேண்டியது இருப்பு எண். நான் பதிப்பு எண்ணை எழுதினேன். பதில் வர ஐந்து வாரம், வந்த பதிலில் 'அந்த எண்ணில் எங்களிடம் இருப்பது ஒரு காப்டிக் மொழிக் கடிதம், அதுவா வேண்டும்?' என்று கேட்டிருந்தார்கள். என் பதிப்பு எண்ணும் அவர்களுடைய வேறொரு பொருளின் இருப்பு எண்ணும் ஒன்றாக இருந்திருக்கிறது. திருத்தி எழுதினேன். அந்த ஓடு வேறு நகரத்துச் சேகரிப்பில் இருப்பதாகப் பதில் வந்தது. பழைய பதிப்புகளில் ஒரே புத்தகத்துக்குள் பல ஊர்ச் சேகரிப்பின் ஓடுகள் கலந்திருக்கும், வில்கன் தொகுப்பும் அப்படித்தான். கூடவே, சில ஓடுகள் பின்னாளில் மறுபதிப்பாகிப் புது எண் வாங்கியிருக்கும். காப்டோஸ் ஊரிலிருந்து பெரெனிகே, மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகங்களுக்கு ஒட்டகத்தில் சரக்கு ஏற்றிய நிக்கானோர் குடும்பத்து ரசீதுகளைத் தேடினால் இது நன்றாகத் தெரியும், பழைய புத்தகத்தில் ஒரு எண், புதியதில் இன்னொன்று.

வழி இதுதான். பப்பைரி இன்ஃபோ என்ற இலவசத் தளத்துக்குப் போங்கள். பதிப்பான கிரேக்க ஓடுகளில் பெரும்பாலானவற்றின் வாசகம் அங்கே இருக்கிறது. பதிப்பு எண்ணைப் போட்டால் ஒரே பக்கத்தில் வாசகம், கிடைத்த ஊர், தேதி, இப்போது எங்கே இருக்கிறது, இருப்பு எண், ட்ரிஸ்மெகிஸ்டோஸ் எண் எல்லாம் வரும், சிலவற்றுக்கு மொழிபெயர்ப்பும் படமும் உண்டு. மூன்று எண்ணையும் ஒரு எக்செல் தாளில் ஒரே வரியில் எழுதிவையுங்கள். அப்புறம் எந்த மடலிலும் மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ட்ரிஸ்மெகிஸ்டோஸ் தளத்தில் சில வசதிகளுக்குச் சந்தா கேட்பார்கள், தொடக்கத்தில் அது தேவையே இல்லை.

தேடும்போது உச்சரிப்புக் குறிகளைப் பொருட்படுத்தாதே என்ற பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது, தளத்தில் அந்தச் சொல்லே இல்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

4. அடைப்புக்குறிகளை நம்பாமல் படியுங்கள்

தளத்தில் இருக்கும் வாசகத்தில் ஏகப்பட்ட அடைப்புக்குறி. அதற்கு லைடன் முறை என்று பெயர். சதுர அடைப்புக்குள் இருப்பது ஓட்டில் உடைந்து போனது, பதிப்பித்தவர் ஊகித்து நிரப்பியது. வளைவு அடைப்புக்குள் இருப்பது, எழுதியவர் சுருக்கியதைப் பதிப்பித்தவர் விரித்தது. எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் சந்தேகத்துக்குரிய எழுத்து.

ரசீதில் வளைவு அடைப்புதான் அதிகம். லாவோகிராஃபியா என்று முழுதாக எழுதியதை நான் அபூர்வமாகத்தான் பார்த்தேன். ரசீது எழுதியவர் இரண்டு மூன்று எழுத்து எழுதி, கடைசி எழுத்தைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துவிட்டுப் போய்விடுவார். திரையில் முழுச் சொல்லைப் பார்த்துவிட்டு ஓட்டில் அத்தனை எழுத்தையும் தேடினால் கண்தான் வலிக்கும். ஆகவே வாசகத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இந்த இரண்டு வகை அடைப்புக்குள் இருப்பதையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் ஓட்டில் எழுத்தாக இருக்கிறது. இதைச் சொல்லித்தர எனக்கு ஒருவரும் இல்லை, ஆறு மாதம் கழித்துத்தான் தோன்றியது.

5. தேதி கணக்கு

எகிப்திய வருடம் தோத் மாதம் முதல் தேதி தொடங்கும், ரோமானியர் காலத்தில் அது நம் ஆகஸ்ட் 29 (லீப் வருடத்துக்கு முந்தைய ஆகஸ்டில் மட்டும் ஒரு நாள் தள்ளி 30). மாதம் பன்னிரண்டும் முப்பது நாள்: தோத், ஃபாவோஃபி, ஹாத்திர், கோயாக், டைபி, மெகெய்ர், ஃபாமெனோத், ஃபார்மூத்தி, பாகோன், பாய்னி, எபெய்ஃப், மெசோரே. கடைசியில் ஐந்து நாள் உபரி.

அரசர் எந்த மாதம் பதவிக்கு வந்தாலும் அடுத்த தோத் முதல் தேதியே அவருக்கு இரண்டாம் ஆண்டு ஆரம்பித்துவிடும். ட்ராஜன் 98 ஜனவரியில் வந்தார், 98 ஆகஸ்ட் 29இல் அவருக்கு ஆண்டு 2. ஆக, ஆண்டு 9 என்றால் 105 ஆகஸ்ட் முதல் 106 ஆகஸ்ட் வரை. 'ட்ராஜன் ஆண்டு 9, ஃபாமெனோத் 10' என்று இருந்தால் 106 மார்ச் 6. கையில் ஒரு முறை போட்டுப் பாருங்கள், ஃபாமெனோத் முதல் தேதி பிப்ரவரி 25இல் விழும்.

இதில் இரண்டு பொறி. முதலாவது, அரசர் பெயர்கள். 'அண்டோனினஸ்' என்று மட்டும் கண்ணில் பட்டால் அவர் அண்டோனினஸ் பயஸ் என்று எழுதிவிடாதீர்கள், மார்க்கஸ் ஆரேலியஸ், கராகல்லா, எலகாபலஸ் எல்லோரும் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். இரண்டாவது, பெரிய ஆண்டு எண். ரோமானிய ரசீதில் 25க்கு மேல் ஆண்டு வந்தால் பெரும்பாலும் அகஸ்டஸ், இல்லையென்றால் கொமோடஸ். கொமோடஸ் தன் அப்பாவின் ஆண்டுக் கணக்கை அப்படியே தொடர்ந்தார், அவருடைய ஆண்டு 30 என்பது கி.பி. 189/190. இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டு இருக்கிறது, அதை எழுத்தின் வடிவம் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று: ரசீதில் இரண்டு வருடம் வரும். முதலில் வருவது எந்த வருடத்து வரி, கடைசியில் வருவது கட்டிய தேதி. நிலுவை வைத்துக் கட்டியவர்களும் உண்டு, ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

6. படத்தில் மையைத் தூக்கிக் காட்டும் வித்தை

கரியில் செய்த மை, செம்மண் ஓடு. சாதாரணப் படத்தில் இரண்டும் கலங்கித் தெரியும். ஜிம்ப் மாதிரி இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசையாகப் பிரித்து, சிவப்பை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். சிவந்த ஓடு வெளிறிப் போகும், மை மட்டும் கறுப்பாக நிற்கும். இரண்டு நிமிட வேலை. நான் முதல் தடவை செய்தபோது, வெறும் அழுக்கு என்று விட்டுவைத்திருந்த இடத்தில் ஒரு முழு வரி எழுந்து வந்தது.

இதே காரணத்தால்தான் ஆய்வாளர்கள் அகச்சிவப்புப் படம் எடுக்கிறார்கள், கரிமை அகச்சிவப்பை விழுங்கும், ஓடு திருப்பி அனுப்பும். சேகரிப்பிடம் படம் கேட்கும்போது 'அகச்சிவப்புப் படம் இருக்கிறதா' என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். பல இடங்களில் எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டால்தான் அனுப்புவார்கள். டிஸ்ட்ரெச் என்று பாறை ஓவியத்துக்காகச் செய்த ஒரு கருவி உண்டு, அதையும் ஓட்டுக்குப் பயன்படுத்துகிறார்கள். வெளிறிய ஓட்டுக்கு நல்லது, நல்ல செம்மண் ஓட்டுக்குச் சிவப்பு அலைவரிசையே எனக்குப் போதுமாக இருந்தது.

7. சேகரிப்புக்கு மடல்

நேரில் போகத்தான் வேண்டுமா என்றால், அவசியம் இல்லை. பெர்லின் பாப்பிரஸ் சேகரிப்பு மாதிரி பல இடங்கள் நல்ல படங்களை இலவசமாக இணையத்தில் போட்டிருக்கின்றன. அவற்றில் குறைந்தது ஐம்பது ஓடு படிக்காமல் நேரில் போவது பணத்துக்குக் கேடு. ஐம்பது படித்த பிறகும் ஆசை இருந்தால் தொடருங்கள்.

போக நினைக்கிற தேதிக்கு ஐந்து மாதம் முன்பே மடல் போடுங்கள். ஆகஸ்டில் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள், டிசம்பர் கடைசி இரண்டு வாரமும் அப்படியே. மடலில் இருக்கவேண்டியவை: நீங்கள் யார், என்ன வேலை (பட்டம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், மழுப்பினால் அடுத்த வரியிலேயே கண்டுபிடிப்பார்கள்), எந்த ஓடுகள், ஏன் அவைதான், என்ன பார்க்கப்போகிறீர்கள், எந்த இரண்டு நாட்கள், மாற்றாக எந்த இரண்டு நாட்கள். ஓடுகள் நான்கைத் தாண்டவேண்டாம். நான் முதலில் இருபத்திரண்டு கேட்டேன், அந்த மடலுக்குப் பதிலே வரவில்லை.

ஏன் என்ற கேள்விதான் கடினம். 'பார்க்க ஆசை' என்று எழுதினால் கண்ணாடிப் பேழையில் இருப்பதைப் பாருங்கள் என்பார்கள். ஒரு குறிப்பிட்ட சந்தேகத்தை எழுதுங்கள். நான் எழுதியது: 'மூன்றாம் வரியில் கீழே புள்ளி போட்டிருக்கும் எழுத்து ஸ்டிக்மாவா காமாவா என்று படத்தில் தெரியவில்லை, வருடம் 6ஆ 3ஆ என்பது அதில் இருக்கிறது.' நான்கு நாளில் பதில் வந்துவிட்டது.

பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். உள்ளூர்க் கல்லூரியில் வரலாறோ தொல்லியலோ நடத்தும் ஒருவரிடம் நீங்கள் படித்த பத்து ஓடுகளின் நோட்டைக் காட்டிக் கேளுங்கள். கல்லூரியின் தலைப்புத்தாளில், கையெழுத்து, முத்திரையோடு, ஆங்கிலத்தில். எனக்கு எழுதித்தந்த பேராசிரியருக்குக் கிரேக்கம் தெரியாது, ஆனால் நோட்டை ஒரு மணி நேரம் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தார்.

ஒப்புக்கொண்டு அவர்கள் அனுப்பும் மடலை மடலாகவே விட்டுவிடாதீர்கள். விசாவுக்காகத் தலைப்புத்தாளில் தேதி போட்டு ஒரு அழைப்புக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள்.

8. விசாவும் செலவும்

ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள். அந்தக் கடைசி எல்லையை மறந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர் மையங்களில் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. நான் மேயில் முயன்று, கிடைக்காமல், சேகரிப்பிடம் கெஞ்சித் தேதியை மாற்றினேன். மாற்றித் தந்தது அவர்கள் பெருந்தன்மை.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 2024 ஜூனிலிருந்து. ரூபாயில் சுமார் ஒன்பதாயிரம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் ஒரு பைசா திரும்பாது.

காகிதங்கள்: பத்து வருடத்துக்குள் வழங்கிய, திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லும் பாஸ்போர்ட், அதில் இரண்டு வெற்றுப் பக்கம். 30,000 யூரோவுக்குக் குறையாத பயணக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, வேலை செய்யும் இடத்தில் விடுப்புக் கடிதம், தங்குமிடம், போகவர டிக்கெட் பதிவு, கூடவே அந்த அழைப்புக் கடிதம். விசாவுக்கு முன்னால் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

எனக்கு ஆறு நாளுக்கு, விமானம் 64,000, தங்கியது விடுதியில் ஒரு கட்டில் 19,000, விசா, காப்பீடு எல்லாம் 13,000, சாப்பாடு, ரயில் 15,000. ஓட்டைப் பார்க்கச் சேகரிப்பு ஒரு காசும் வாங்கவில்லை.

9. அந்த நாள்

பென்சில் மட்டும்தான், பேனாவைப் பையிலேயே பூட்டச் சொன்னார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டி, படங்களை எதற்குப் பயன்படுத்துவேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். காலை பத்து முதல் மதியம் ஒன்று வரை, பிறகு இரண்டு முதல் நான்கு வரை. ஐந்து மணி நேரம் என்றால் நிறைய என்று நினைப்பீர்கள், ஒரு ஓட்டுக்கே இரண்டு மணி ஓடிவிடும்.

பஞ்சு மெத்தை போட்ட தட்டில் ஓடு வந்தது. என் உள்ளங்கையை விடச் சின்னது. எழுத்து வெளிப்பக்கம், பானை வயிற்றின் வளைவில். உட்பக்கம் கறுப்பாகப் பிசின் பூசியிருந்தது, ஒயின் ஜாடி. குயவர் சக்கரத்தில் விரல் வைத்து இழுத்த வரி வரியான மேடு பள்ளத்தின் மேலேயே ரசீது எழுதியவர் நாணல் பேனாவை ஓட்டியிருக்கிறார். மேட்டில் ஏறும்போது கோடு பட்டையாகவும் பள்ளத்தில் மை தொடாமல் விட்டும் போயிருந்தது. படத்தில் நான் இரண்டு எழுத்தாக எண்ணியது அந்த விடுபட்ட இடத்தால் பிரிந்த ஒரே எழுத்து. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துவிடுங்கள் என்று கேட்டேன், அப்போதுதான் மேடு பள்ளம் தெரிந்தது. ஸ்டிக்மாதான், காமா இல்லை.

தொடும் முன் கேளுங்கள். விளிம்பைப் பிடியுங்கள், மையின் மேல் விரல் படக்கூடாது. ஈரக் கை கூடவே கூடாது, இந்த மை தண்ணீரில் கரையும். இரண்டாயிரம் வருடம் தாங்கியதற்குக் காரணமே அங்கே மழை இல்லாததுதான். படம் எடுக்கும்போது அளவுகோலையும் இருப்பு எண் எழுதிய சீட்டையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். நான் முதல் ஓட்டுக்குச் சீட்டு வைக்கவில்லை, வீட்டுக்கு வந்து நாற்பது படத்தில் எது எது என்று பிரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

10. வாங்கவேண்டாம்

இதை நடுவிலேயே சொல்லியிருக்கவேண்டும். இணைய ஏலத்தில் 'எகிப்து கிரேக்க ஆஸ்ட்ரகான், பழைய சேகரிப்பிலிருந்து' என்று நம் பட்ஜெட்டுக்குள்ளேயே வரும். சபலம் தட்டும், எனக்கும் தட்டியது. எகிப்தின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் 117 தொல்பொருள் வணிகத்தையே தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே வெளியே போனது என்று காகிதம் காட்டாத எந்த ஓடும் திருட்டாக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். 'பழைய ஐரோப்பியக் குடும்பத்துச் சேகரிப்பு' என்பது காகிதம் ஆகாது. அமெரிக்கப் பாப்பிரஸ் ஆய்வாளர் சங்கம் 2007இலேயே இதுபற்றித் தீர்மானம் போட்டுவிட்டது, மூலம் தெரியாத ஓட்டோடு போனால் படிக்க உதவி செய்ய யாரும் முன்வரமாட்டார்கள்.

11. திரும்பி வந்த பிறகு: படம், திருத்தம்

நீங்களே எடுத்த படமாக இருந்தாலும் கையெழுத்துப் போட்ட படிவத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் சட்டம். என் படிவத்தில் சொந்த ஆய்வுக்கு மட்டும் என்று இருந்தது. முகநூலில் போடக் கேட்டு எழுதினேன், மூன்று வாரம் கழித்து ஒரு படத்துக்கு மட்டும், இருப்பு எண்ணோடு போடலாம் என்றார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் மாதிரி சில இடங்கள் தங்கள் தளத்துப் படங்களை வணிகம் அல்லாத பயன்பாட்டுக்குப் பெயர் குறிப்பிட்டு எடுத்துக்கொள்ளவே விடுகின்றன, அங்கே மடலே தேவையில்லை.

படித்ததில் திருத்தம் தோன்றினால் பப்பைரி இன்ஃபோவிலேயே அனுப்பலாம். கணக்கு ஒன்று தொடங்கி, அந்த ஓட்டின் வாசகத்தைத் திறந்து, மாற்றி, காரணம் எழுதிச் சமர்ப்பித்தால், ஆசிரியர் குழு வாக்களித்து முடிவு செய்யும். பட்டம் யாரும் கேட்கவில்லை. காரணத்தைச் சுருக்கமாக, எந்த விளக்கில் எதைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள், படம் இருந்தால் அதன் எண்ணையும் சேருங்கள்.

நான் இரண்டு அனுப்பினேன். ஸ்டிக்மா ஏறிவிட்டது. இன்னொன்று, ஒரு அப்பா பெயரில் வரும் எழுத்து, மறுத்துவிட்டார்கள். நான் எழுத்து என்று எண்ணியது ஓட்டில் பூத்திருந்த உப்பாம்.